முழங்கால் ஆழ ஆற்றுக்கு ஒரு படகு

மலேசியாவின் கோலா குபு பாருவை ஒட்டி ஓடும் சிலாங்கூர் ஆற்றின் குணம் அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஓரிடத்தில் இடுப்பளவு நீர், நாலு எட்டு வைத்தால் முழங்காலளவு, அதற்கப்பால் வெறும் பாறை. ரப்பர் மிதவையில் துடுப்போடு இறங்கி, பாறைகளுக்கு நடுவே முட்டி மோதி வருகிறவர்களுக்கு இது கொண்டாட்டமான ஆறு. மேலே அணையில் நீர் திறந்துவிட்டால் ஒரு முகம், திறக்காவிட்டால் வேறு முகம்.

இதே ஆறு கோலா சிலாங்கூர் பக்கம் இறங்கும்போது ஆளே மாறிவிடுகிறது. கம்போங் குவாந்தானில் அது சேறு கலந்து, ஆழமாய், நிதானமாய் நகர்கிறது. கரையோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் விட்டுவிட்டு ஒளிர்கின்றன. அவற்றைப் பார்க்க வருகிறவர்களைச் சாம்பானில் ஏற்றிக் கையால் துடுப்புப் போட்டே அழைத்துப் போகிறார்கள். சற்றுத் தள்ளி, புக்கிட் பெலிம்பிங்கில், சத்தமில்லாத மின்மோட்டார் படகுகள் ஓடுகின்றன.

மேலே ஓடக்கூடிய படகு கீழே தேவையில்லை. கீழே ஓடும் படகு மேலே ஓடாது. பொறியியல் வகுப்பில் “சிறிய படகு ஒன்று வடிவமைத்து வாருங்கள்” என்று வேலை கொடுத்தால், மாணவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எந்தத் தண்ணீருக்கு?

பெரும்பாலான குழுக்கள் இதைக் கேட்பதில்லை. மோட்டார், அதிலிருந்து ஒரு கம்பி, கம்பி முனையில் விசிறி என்று வழக்கமான வரைபடத்தைப் போட்டுவிடுகிறார்கள். ஆழமான குளத்துக்கு அது சரியான விடையும்கூட. ஆனால் கோலா குபு பாரு ஆற்றில் அந்த விசிறி முதல் பாறையிலேயே இறக்கை உடைந்து நிற்கும். படகின் அடியில் எதுவுமே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்ற நிபந்தனை வந்த பிறகுதான் நீர்த்தாரைப் படகுக்கு வேலை பிறக்கிறது. அடியில் ஒரு துவாரம் வழியாக நீரை உறிஞ்சி, உள்ளே பம்பால் வேகமேற்றி, பின்பக்கம் ஒரு குறுகிய குழாய்முனை வழியாகப் பீய்ச்சுவது. அந்தக் குழாய்முனையைக் கடைக்காரர்கள் நாசில் என்பார்கள்.

பீய்ச்சினால் படகு ஏன் முன்னே போகிறது? வகுப்பில் இதைக் கேட்டால் பாதிப் பேர் “பீய்ச்சும் நீர் பின்னாலிருக்கும் நீரை உதைத்துத் தள்ளுகிறது” என்பார்கள். அப்படியானால் நாசில் நீருக்குள் முங்கியிருந்தால்தான் படகு நகர வேண்டும். உண்மையில் காற்றில் பீய்ச்சினாலும் படகு போகும். கோலா குபு பாருவில் 1930களிலிருந்து நிற்கும் பழைய பொம்பா (தீயணைப்பு) நிலையத்தை எல்லாருக்கும் தெரியும். தீயணைப்பு வீரர் கையில் இருக்கும் பெரிய குழாய், நீர் திறந்ததும் அவரைப் பின்னால் தள்ளும். காலை ஊன்றி, சில நேரம் இரண்டு பேராகப் பிடிப்பார்கள். நீர் இன்னும் எதன் மேலும் படவில்லை. குழாயை விட்டுப் புறப்படும்போதே தள்ளிவிட்டது. அந்தத் தள்ளலைத் தாங்கும் ஆளைத் தூக்கிவிட்டு, அங்கே ஒரு படகை வைத்தால் நீர்த்தாரைப் படகு.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் ஹாமில்டன் என்ற நியூசிலாந்துக்காரர். 1899இல் பிறந்தவர், ஆட்டுப் பண்ணை நடத்தியவர், கூடவே தன் பட்டறையில் இயந்திரங்கள் செய்தவர். அவருடைய கேன்டர்பரி வட்டார ஆறுகள் கூழாங்கல் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்து, கணுக்கால் ஆழத்தில் விரைந்து ஓடுபவை. அந்த ஆறுகளில் எதிர்நீச்சலாக ஏறிப்போக ஒரு படகு வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. 1950களின் தொடக்கத்தில் அவர் செய்த முதல் படகில் தாரை அடிப்பாகத்தின் கீழே நீருக்குள் பீய்ச்சியது. வேகம் மிகக் குறைவு. நாசிலைப் பின்பலகை வழியாக வெளியே எடுத்து நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வைத்தபோது வேகம் நன்றாகவே கூடியது. அடியில் துருத்திக்கொண்டு நீரை அறுத்துத் தடை உண்டாக்கிய பகுதி போய்விட்டதே காரணம். பாறையில் மோத இருந்ததும் அந்தப் பகுதிதான். ஒரே மாற்றத்தில் இரண்டு லாபம். வடிவமைப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

இங்கே ஒரு கிளைக்கதை. பழைய கோலா குபு 1883 அக்டோபரில் அணை உடைந்து வெள்ளத்தில் மூழ்கியது. மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங்கும் அதில் மாண்டார். பின்னர் மேலே நடந்த ஈயச் சுரங்க வேலையால் ஆற்றில் மண் படிந்து படுகை உயர, வெள்ளம் ஓயவில்லை. கடைசியில் ஊரையே மேட்டுக்கு மாற்ற முடிவு செய்து, 1920களில் புதிய ஊருக்குத் தோட்ட நகர் பாணியில் திட்டம் வரைந்தவர் சார்லஸ் ரீட். அவரும் நியூசிலாந்தில் பிறந்தவர். ஒருவர் ஆற்றுக்குப் பயந்து ஊரை நகர்த்தினார். இன்னொருவர் அதே மாதிரி ஆற்றில் ஏற வழி தேடினார்.

ஹாமில்டன் படகுகள் 1960இல் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வழியாக நீரோட்டத்துக்கு எதிராக ஏறிக் காட்டின. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹில்லரி 1977இல் மூன்று நீர்த்தாரைப் படகுகளோடு வங்கக் கடலில் தொடங்கிக் கங்கையில் எதிர்நீச்சலாக இமயம் நோக்கிப் போனார். ஹாமில்டனின் மகன் ஜோன் படகோட்டியாக உடன் வந்தார். ரிஷிகேசத்துக்கு மேலே நுரைத்துக் கொட்டும் ஓட்டங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி, நந்தபிரயாகைக்கு அருகே ஒரு அருவி குறுக்கே நின்றபோதுதான் படகுகள் நின்றன. கரையில் ஆயிரக்கணக்கில் மக்கள் திரண்டு பார்த்த பயணம் அது.

இத்தனை பெருமையைச் சொன்ன பிறகு குறையையும் சொல்லியாக வேண்டும். நீர்த்தாரை எல்லா இடத்திலும் விசிறியை வெல்லாது. பிரிட்டிஷ் கடற்படை 1866இல் வாட்டர்விட்ச் என்ற போர்க்கப்பலை நீராவிப் பம்பு வைத்து நீர் பீய்ச்சி ஓட்டிப் பார்த்தது. கப்பல் ஓடியது. ஆனால் விசிறிக் கப்பல்களை விஞ்சவில்லை; கடற்படை விசிறியோடே நின்றுவிட்டது. காரணம் எளிது. நிறைய நீரை மெதுவாகத் தள்ளுவது சிக்கனம். கொஞ்ச நீரை மிக வேகமாகத் தள்ளுவது செலவு. பெரிய விசிறி முதல் வகை, சின்ன நாசில் இரண்டாம் வகை. படகு மிக வேகமாகப் போகும்போது இந்த வித்தியாசம் சுருங்கும். அதனால்தான் சுவீடனின் சிபி-90 போன்ற போர்ப் படகுகளிலும், இந்தியக் கடலோரக் காவல் படையின் விரைவுப் படகுகளிலும் நீர்த்தாரை இருக்கிறது. வகுப்பில் செய்யும் சின்னப் படகோ மெதுவாகப் போவது. அங்கே நீர்த்தாரைக்கு இருக்கும் ஒரே நியாயம் ஆழமில்லாத நீர்.

இனி கணக்கு. இதை விட்டுவிட்டுப் படகு செய்கிறவர்கள் பலகையை வெட்டுவதில்தான் நேரத்தைச் செலவழிக்கிறார்கள்.

படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்ற விற்கும் 12 வோல்ட் சின்னப் பம்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மீன்பிடி சாமான் கடையிலும் இணையக் கடையிலும் கிடைக்கும். நாசிலைப் பூட்டி, 10 லிட்டர் வாளியை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு 25 வினாடி என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 0.4 லிட்டர், அதாவது 0.4 கிலோகிராம் நீர். நாசிலின் உள்விட்டம் 12 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு சுமார் 1.13 சதுர சென்டிமீட்டர். நீர் வெளியேறும் வேகம் வினாடிக்குச் சுமார் 3.5 மீட்டர். வினாடிக்கு வெளியேறும் நீரின் கிலோகிராம் அளவையும் இந்த வேகத்தையும் பெருக்கினால் உந்துவிசை 1.4 நியூட்டன். ஏறக்குறைய 140 கிராம் எடையைத் தாங்கும் விசை. அவ்வளவுதான். பம்பின் இரைச்சலைக் கேட்டால் அதிகம் இருக்கும்போல் தோன்றும்.

அதுவும் படகு கட்டிப்போட்டிருக்கும்போது கிடைக்கும் விசை. படகு வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகத் தொடங்கினால், உள்ளே வரும் நீருக்கு ஏற்கெனவே அந்த வேகம் இருக்கிறது. பம்பு கூட்டுவது மீதி 2.5 மீட்டர்தான். உந்துவிசை 1 நியூட்டனாக இறங்கிவிடும். அந்த நிலையில் பம்பு நீருக்குள் ஏற்றும் ஆற்றல் ஏறக்குறைய 2.3 வாட், அதில் படகை நகர்த்தப் போவது 1 வாட். மீதி படகுக்குப் பின்னால் நீரைக் கலக்கிவிட்டு வீணாகிறது. பாட்டரியிலிருந்து பார்த்தால் மோட்டாரிலும் பம்பிலும் ஆகும் இழப்பு இதற்கு மேல்.

வாளிச் சோதனையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குழாய் முனையை வாளி விளிம்புக்குத் தூக்கிப் பிடிக்கக் கூடாது. 3.5 மீட்டர் வேகம் என்பது பம்பு நீரைச் சுமார் 63 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கும் வேலைக்குச் சமம். அங்கே 30 சென்டிமீட்டர் உயரத்தில் முனையைப் பிடித்தால் பம்பின் உழைப்பில் கணிசமான பங்கு தூக்குவதிலேயே போய்விடும், அளவு பொய்யாகிவிடும். பம்பு நிற்கும் தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சமமாக நாசில் இருக்கட்டும். வாளியைத் தாழ்வாக வையுங்கள்.

நாசிலைச் சுருக்கினால் வேகம் கூடுமே என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். தோட்டத்துக் குழாயை விரலால் அழுத்திப் பார்த்த அனுபவம் அப்படி. 12 மில்லிமீட்டரை 6 ஆக்கினால் பரப்பு நான்கில் ஒன்றாகிவிடும். அதே 0.4 லிட்டர் நீர் அந்த வழியே போக வேண்டுமானால் வேகம் வினாடிக்கு 14 மீட்டர் ஆக வேண்டும். அதற்கு நீரை 10 மீட்டர், அதாவது மூன்று மாடி உயரத்துக்கு ஏற்றக்கூடிய பம்பு தேவை. சின்னப் பம்பால் முடியாது. அது திணறி நீரின் அளவைக் குறைத்துக்கொள்ளும். கண்ணுக்கு மெல்லிய தாரை வேகமாகத் தெரியும், உந்துவிசையோ குறைந்திருக்கும். அகலமாகத் திறந்துவிட்டாலும் நீர் நிறைய வரும், வேகம் போதாது. நடுவில் எங்கோ ஒரு விட்டத்தில் உச்சம் இருக்கிறது. அதைத் தேடுவதுதான் இந்தப் பாடத்தின் சுவையான பகுதி. 8, 10, 12, 14 மில்லிமீட்டரில் நான்கு நாசில்களைச் செய்து, படகை நூலால் ஒரு வில்தராசில் கட்டி இழுக்கவிட்டு, ஒவ்வொன்றின் இழுவையையும் தாளில் குறித்தால் வளைவு ஏறி இறங்குவது தெரியும். கணக்கில் வந்த விசைக்கும் தராசு காட்டும் விசைக்கும் உள்ள இடைவெளி எங்கே போனது என்று தேடுவது அடுத்த வாரத்து வேலை: வளைந்த குழாய், சொரசொரப்பான உட்சுவர், தாரையோடு சேர்ந்து சுழன்று வரும் நீர்.

அந்தச் சுழற்சி முக்கியமானது. பம்புக்குள் சுழலும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரை மாணவர்களே செய்து, நேராக ஒரு குழாய்க்குள் சுழலவிட்டால் நீர் முறுக்கிக்கொண்டு வெளியே வரும். பக்கவாட்டில் சுழலும் நீர் படகைத் தள்ளாது. அதனால்தான் உண்மையான நீர்த்தாரை இயந்திரங்களில் இம்பெல்லருக்குப் பின்னால் அசையாத தகடுகளை வைத்து முறுக்கை நேராக்குகிறார்கள். முப்பரிமாண அச்சு இயந்திரம் உள்ள பள்ளியில் இதைச் செய்வது கடினமில்லை. இறக்கை முனைக்கும் குழாய்ச் சுவருக்கும் உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. அகன்றால் நீர் பின்னோக்கி ஒழுகும். பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி வெப்பத்தில் இளகிவிடும். நம் ஊர் வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் வட்டமான குழாய் வட்டமாக இருக்காது, இறக்கை உரசும். பிஇடிஜி வகை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

படகின் உடலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 60 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம், 4 சென்டிமீட்டர் நீரில் அமிழ வேண்டும், முனைகள் கூர்மையானவை என்று கொண்டால், அது தாங்கும் மொத்த எடை 3.3 கிலோகிராம் அளவில் இருக்கும். மோட்டார் சைக்கிள் பாட்டரி போன்ற 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி ஈய பாட்டரி ஒன்றே 2 கிலோவைத் தாண்டும். பொம்மைக் கார், டிரோன் ஓட்டுகிறவர்கள் வைத்திருக்கும் லித்தியம் பாட்டரி 200 கிராமுக்குள் முடியும். குழாய்களில் நிற்கும் நீரும் எடைதான், அதைக் கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது. வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வில்லியம் ஃபுரூட் 1870களில் இங்கிலாந்தின் டார்க்கீயில் தொட்டி கட்டி, சிறிய படகு மாதிரிகளை இழுத்து அளந்து கண்டது இது: படகு தான் எழுப்பும் அலையிலேயே சிக்கிக்கொள்கிறது. 60 சென்டிமீட்டர் படகுக்கு அந்த எல்லை வினாடிக்கு 1 மீட்டர் அளவில் வந்துவிடும். அதற்கு மேல் போக வேண்டுமானால் நீரின் மேல் ஏறிச் சறுக்க வேண்டும். 1 நியூட்டன் உந்துவிசைக்கு அது எட்டாத கனவு.

உறிஞ்சும் துவாரம் எங்கே? முன்பகுதியில் வைத்தால் படகு தலையைத் தூக்கும்போதெல்லாம் காற்றை விழுங்கும். காற்று புகுந்த பம்பு வெறுமனே சுற்றும், படகு நிற்கும். பின்பகுதியில், அடித்தளத்தோடு சமமாக, நீர் வழுக்கி ஏறும்படி சாய்வான வழி வைப்பதே நல்லது. துவாரத்தின் மேல் கம்பிச் சல்லடை கட்டாயம். ஹாமில்டன் படகோட்டிகளுக்கே கூழாங்கல்லும் களையும் ஓயாத தொல்லை. சல்லடை நெருக்கமாக இருந்தால் இலை மூடி நீர் வராது, அகலமாக இருந்தால் கல் போகும். இம்பெல்லர் இறக்கைகளுக்கு நடுவே எவ்வளவு பெரிய கல் தப்பிப் போகுமோ, அதைவிடச் சற்றுச் சிறிய கண் போதும்.

திருப்புவதற்குச் சுக்கான் வேண்டாம். நாசிலையே இடமும் வலமும் ஆட்டினால் போதும். பின்னோக்கிப் போகத் தாரைக்கு முன்னால் ஒரு வளைந்த மூடியை இறக்கி, நீரை முன்பக்கம் திருப்புவார்கள். மோட்டார் ஒரே திசையில் சுழன்றுகொண்டே இருக்கும். இதற்கு ஒரு விலையும் உண்டு. தாரை நின்றால் திருப்பும் சக்தியும் நின்றுவிடும். பம்பை அணைத்துவிட்டுப் பாறையைத் தவிர்க்க முடியாது. மோதப் போகும்போது வேகத்தைக் குறைக்கத் துடிக்கும் கையை அடக்கிப் பழகுவது, ரிமோட் பிடிக்கும் மாணவருக்குத் தனிப் பயிற்சி.

தமிழ்ப்பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் படிக்கும் சிறு பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் அதிகம். அவர்களுக்குத் தகரப் படகு இருக்கிறது. தமிழ்நாட்டுத் திருவிழாக் கடைகளில் ஒரு காலத்தில் நிறைய விற்றது. உள்ளே ஒரு சின்னத் தகரக் கொதிகலன், பின்னால் நீருக்குள் முடியும் இரண்டு குழாய்கள், அடியில் ஒரு விளக்கு. டப்டப் என்று சத்தமிட்டுக்கொண்டே ஓடும். தோமா பியோ என்ற பிரெஞ்சுக்காரர் 1891இல் பிரிட்டனில் இதற்குக் காப்புரிமை பெற்றார். கொதிகலனில் நீராவி விரிந்து நீரைக் குழாய் வழியே வெளியே தள்ளும், குளிர்ந்து சுருங்கி மறுபடி உள்ளே இழுக்கும். தள்ளுவதும் இழுப்பதும் சமம்தானே, பிறகு எப்படி முன்னே போகிறது? வெளியேறும்போது நீர் ஒரே திசையில் தாரையாகப் போகிறது. உள்ளே வரும்போது எல்லாத் திசையிலிருந்தும் வந்து சேர்கிறது. இந்தக் கேள்வியைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு ஒரு வாரம் பதில் சொல்லாமல் விடலாம்.

சோதனையை எங்கே நடத்துவது? ஆற்றில் வேண்டவே வேண்டாம். மலையில் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே திடீரெனப் பாய்ந்து வரும் கெப்பாலா ஆயர் பற்றி உலு சிலாங்கூரில் விளக்கத் தேவையில்லை. இப்போது பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துப் பழைய ஈயக் குட்டைகளும் கரையிலிருந்து சட்டென்று ஆழமாகுபவை. ஓடிப்போன மாதிரிப் படகை எடுக்க ஒரு பிள்ளை இறங்கிவிடக் கூடாது.

நீச்சல்குளமும் இதற்குச் சரியான இடமில்லை. அங்கே பந்தயம் வைத்தால் விசிறிப் படகு ஜெயிக்கும், நீர்த்தாரை செய்த குழு ஏன் செய்தோம் என்று தெரியாமல் வீட்டுக்குப் போகும். பள்ளி வளாகத்திலேயே பலகையும் தார்ப்பாயும் வைத்து நீளமான ஆழமற்ற தொட்டி கட்டலாம். 8 சென்டிமீட்டர் நீர், அடியில் ஆற்றுக் கூழாங்கற்கள், ஒரு முனையில் நீரோட்டம் உண்டாக்க இன்னொரு பம்பு. 4 சென்டிமீட்டர் விசிறியை அடியில் தொங்கவிட்ட படகுக்கு அங்கே இடமே இல்லை. அடி வழவழப்பான நீர்த்தாரைப் படகு கற்களுக்கு மேலே நழுவிப் போகும். அந்த ஆழத்தில் அலை வினாடிக்கு 0.9 மீட்டருக்கு மேல் ஓடாது என்பதால் படகின் வேக எல்லையும் இன்னும் கீழே இறங்கும். அதையும் அளந்து பார்க்கலாம். மதிப்பெண்ணை முடிவுக்கோட்டைத் தொட்ட நேரத்துக்கு மட்டும் கொடுக்காமல், முன்கூட்டிச் சொன்ன உந்துவிசைக்கும் தராசு காட்டியதற்கும் எவ்வளவு நெருக்கம், நீரோட்டத்துக்கு எதிராக எத்தனை மீட்டர் ஏறியது, சல்லடை எத்தனை தடவை அடைத்தது என்பவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். விசிறிப் படகு செய்த குழுவையும் அதே தொட்டியில் ஓட்டச் சொல்லுங்கள். பிறகு இரண்டு குழுவும் படகுகளைத் தூக்கிக்கொண்டு ஆழமான தொட்டிக்குப் போகட்டும். அங்கே யார் முந்துகிறார்கள் என்று பார்த்து, இரண்டு நேரத்தையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும்.